உள்நாட்டு உடம்பு

இறந்துபோன அப்பாவின் கதர்ச் சட்டைப் பொத்தான்களை உமா மகேஸ்வரி அவிழ்த்துக்கொண்டிருந்தபோது விஜயசங்கர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அப்பா தலைவராக இருந்த சுதேசிப் பொருள் மன்றத்தின் செயலாளர் அவர். வாசலில், சாரலுக்குப் பந்தலில் ஒண்டி நின்ற கூட்டத்துக்கு இவ்வளவு நேரமும் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் அவர்தான். தில்லைநாயகம் அண்ணாச்சியின் உடம்பில் வெளிநாட்டுக் குண்டூசிகூடப் பட்டதில்லை என்று முழங்கிவிட்டு வந்திருந்தார்.

கையுறை மாட்டிக்கொண்டு நின்ற மணிமுத்துவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மணிமுத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். அப்பாவின் தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் இருந்த, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை எடுக்க உமா அவனை வரச் சொல்லியிருந்தாள். எடுக்காமல் எரித்தால் வெடிக்கும் என்று, பொருத்திய அன்றே டாக்டர் எச்சரித்திருந்தார்.

"இப்ப வேண்டாம்மா. வெளிய தெரிஞ்சா அண்ணாச்சி பேரு என்னாவும்? அப்படியே கொண்டுபோயிருவோம். ஒரு சத்தம்தான கேக்கும்."

"பக்கத்துல நின்னு கொள்ளி வைக்கப்போறது எம் புருஷன். நீங்க வைக்கியளா அண்ணாச்சி?"

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மேடையில் மட்டும் வாய் எவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொண்டாள் உமா. அப்பாவிடம் அவர் கற்ற பாடம் வேறெப்படி இருக்கும்.

தலைமாட்டில் அம்மா யோகலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் காது மந்தமானபோது உமா சென்னையிலிருந்து ஜெர்மன் காதுக்கருவி ஒன்றை வாங்கி அனுப்பினாள். பெட்டியைப் பிரிக்கக்கூட விடாமல், மன்றத்தின் துண்டுப் பிரசுரத்தையும் உள்ளே செருகி அப்பா திருப்பி அனுப்பினார். பதிலுக்குத் தென்காசியில் கைக்குக் கிடைத்த எதையோ வாங்கிவந்தார். காதில் வைத்தால் விசிலடித்தது. உள்நாட்டிலேயே நல்ல கருவிகள் இல்லாமலில்லை. தேடிப் பார்க்க அவருக்கு நேரம் ஒழியவில்லை, மன்றக் கூட்டங்கள் இருந்தன. பேரப்பிள்ளைகள் பேசுவதை அம்மா உதடுகளில் படிக்கப் பழகிக்கொண்டாள்.

தன் நெஞ்சு தடுமாறியபோது மட்டும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இங்கேயே செய்த கருவி வர ஒன்றிரண்டு நாளாகும், அதுவரை படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், பயமில்லை என்றார் டாக்டர்.

"இருக்கத வைங்க" என்றார் அப்பா. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கவே இல்லை. தையல் பிரித்த மறுவாரம் குற்றாலத்தில், வெளிநாட்டு சோப்பு விற்ற கடை முன்னால் நின்று கோஷம் போட்டார்.

மணிமுத்து கருவியை எடுத்துத் துடைத்து எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தான். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது எந்த ஊருச் சாமான்?"

காது கேளாதவளின் குரல், வாசல்வரை போயிருக்கும். விஜயசங்கர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார். உமா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். மெல்லச் சொன்னால் அம்மாவுக்குக் கேட்காது.

"அமெரிக்காம்மா" என்று கத்தினாள்.

வெளியே பேச்சு நின்றது. பந்தல் தகரத்தில் சாரல் விழுவது மட்டும் கேட்டது.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மன்றத்து ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, உடம்பைக் கொண்டுபோய்ப் பாடையில் கிடத்தித் தூக்கினார்கள். பெண்கள் அழுதுகொண்டு தெருமுனை வரைக்கும் பின்னால் போனார்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹைருன் பீவியிடம் காப்பி இருக்குமா என்று கேட்டாள். வந்த டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.