அவன் ஏன் விட்டான்

பெரியவன் உண்மையிலேயே பெரிய வீரனா என்று தீர்ப்புச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சண்டைக் கூண்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள், எல்லோரும் போனில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்கள். குத்து, உதை, கழுத்துப் பிடி எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டையில் வருஷக்கணக்காக யாராலும் அசைக்க முடியாமல் இருந்தவன் அவன். பெரியவன் என்பது பயிற்சிக் கூடத்தில் வைத்த பெயர். அந்த வருஷங்களை யார் பேசினார்கள்? கடைசிச் சண்டையைத்தான் பேசினார்கள். கைக்குள் வந்த கழுத்தை விட்டான், மறு நொடி தாடையில் வாங்கிச் சாய்ந்தான், பட்டம் போயிற்று. பயந்துவிட்டான் என்றார்கள் சிலர். விலை போய்விட்டான் என்றார்கள் சிலர். வாய்க்கு வந்ததெல்லாம் பேச்சு.

அவன் ஏன் விட்டான் என்பது அவன் அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு கூண்டுக்கு வெளியே ஐஸ் பையும் துண்டுமாக நின்றவள் அவள்தான். கூண்டுக்குள் அவனை எதிர்த்து நின்றவன் சின்னவன். இருவரும் ஒரே கூடத்தில் ஒன்றாகப் பழகியவர்கள். அந்தக் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. பிடி தாங்க முடியவில்லை என்றால் தட்ட வேண்டும். தட்டினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் விட வேண்டும். போட்டியில் அப்படி இல்லை, நடுவர் வந்து நிறுத்துகிறவரை விடக் கூடாது. அன்றைக்கு சின்னவன் பெரியவனின் முதுகில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினான். நடுவருக்கும் தெரியாத பக்கம், கேமராவுக்கும் தெரியாத பக்கம், அக்கா நின்ற பக்கம். பழகிய கை யோசிக்கவில்லை, விட்டுவிட்டது. தட்டினவன் தோற்றவன், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நடுவர் பார்க்கவில்லையே! சின்னவன் திரும்பி அடித்தான்.

அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பாள் அக்கா. தம்பிதான் தடுத்தான். சின்னவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, அவன் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம் என்றான். தனக்கு உண்மை தெரியும், அது போதும் என்றான்.

அந்த உண்மைதான் வருஷங்கள் கழித்து இப்போது அவன் நினைவிலிருந்து போய்விட்டது. வாங்கிய அடிகள் எல்லாம் சேர்ந்து மூளையைத் தின்றுகொண்டிருந்தன. நினைவு இனி குறையத்தான் செய்யும், திரும்பாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். கை எந்நேரமும் நடுங்கியது. நாள் பூராவும் போனும் கையுமாக உட்கார்ந்து தன்னைப் பற்றி யார் யாரோ பேசுவதைப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் அன்னிக்கு ஏன் விட்டேன்?” என்று கேட்பான். அவள் சொல்வாள். முகம் மலரும். டீ குடித்து முடிப்பதற்குள் மறந்து, மறுபடி கேட்பான். ஒரு நாள் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “நீ என் அக்கா. நீ அப்படித்தான் சொல்லுவ. இதுல எல்லாரும் வேற சொல்றாங்களே” என்று போனைக் காட்டினான்.

தூக்கி வளர்த்த அக்கா பேச்சைவிட இந்தச் சனியன் பிடித்த போன் பெரிதாகிவிட்டதா? சரி, போன் சொன்னால்தான் நம்புவான் என்றால் போனே சொல்லட்டும். சின்னவன் தன் வாயால் சொல்லி, அது வீடியோவாக இருந்தால் போதும். தம்பி கேட்கும்போதெல்லாம் போட்டுக் காட்டலாம்.

அந்த நேரம் பார்த்து, பெரியவன் எவ்வளவு பெரிய வீரன் என்று அலசி மதிப்பெண் போட ஒரு வீடியோ நிகழ்ச்சி என்று அழைப்பு வந்தது. சின்னவனும் வருவான் என்றார்கள். அவள் அவனுக்குப் போன் செய்து, அழுது, திட்டி, மறுபடி அழுது, “சொல்றேன்க்கா” என்ற வார்த்தையை வாங்கிவிட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். ஆட்களை வாய் திறக்க வைப்பது அவளுக்குப் புதிதா என்ன?

ஸ்டூடியோ குளிரில் விறைத்தது. அக்காவை மேடைக்குப் பக்கவாட்டில், கேமராக்களுக்கு எட்டாத ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேடையில் தொகுப்பாளர், சண்டைகளைக் கரைத்துக் குடித்த ஒரு விமர்சகர், சின்னவன், நடுவில் பெரியவன். சின்னவன் இப்போது தளதளவென்று இருந்தான். நாலு இடத்தில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். எல்லா வாசலிலும் அந்தப் பட்டத்தோடு அவன் படம்தான். விமர்சகர், செத்தவனைப் பற்றிப் பேசுவதுபோல, எதிரில் இருப்பவனைப் பார்க்காமலே பேசினார். திறமை உண்டு, முடிக்கும் வெறி இல்லை என்பது அவர் கட்சி. பெரியவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அக்காவுக்கு எழுந்துபோய் அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

தொகுப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கடைசிப் பிடியை இருவரும் சும்மா செய்து காட்டினால் என்ன? மேசையை நகர்த்தினார்கள். பெரியவன் எழுந்தான். சின்னவனின் கழுத்தைச் சுற்றி அவன் கை போனதும், அத்தனை நாள் நின்றறியாத நடுக்கம் நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் விளையாட்டுக்குப் பிடிக்கவில்லை. சின்னவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கை கேமராவுக்கு மறைவாக பெரியவனின் முதுகுக்குப் போய் மெல்ல இரண்டு முறை தட்டியது.

உடனே பெரியவன் விட்டான். விட்ட கையால் அவன் கழுத்தைத் தடவி, “வலிக்குதாடா?” என்று கேட்டான்.

தொகுப்பாளர் கைதட்டிச் சிரித்தார். அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் விட்டுவிட்டாரே என்றார். விமர்சகர் இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அக்கா சின்னவனையே பார்த்தாள். சொல்லுடா. இப்போது சொல்லாமல் எப்போது சொல்லப்போகிறாய்? அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான், தண்ணீர் குடித்தான், வாயைத் துடைத்தான்.

“பெரியவருக்கு எப்பவுமே நல்ல மனசு” என்றான்.

அவ்வளவுதான். அக்கா எழுந்து கத்தினாள். தட்டினான், அன்றைக்கும் தட்டினான், இப்போதும் தட்டினான் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளிடம் மைக் இல்லை. ஒருவர் ஓடிவந்து, பரவாயில்லை அம்மா, இதை வெட்டிவிடுவோம் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியவனுக்குப் பத்துக்கு ஆறு என்று மேடையில் மதிப்பெண் போட்டு முடித்தார்கள்.

வெளியே சின்னவன் பின்னாலேயே வந்தான். “நாக்கு வரைக்கும் வந்துச்சுக்கா” என்றான். பள்ளிகள், பிள்ளைகள், கடன் என்று அடுக்கினான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. பெரியவன் அவன் தோளில் கைபோட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்தான்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கத்தியது அதில் இல்லை. பிடி இருந்தது, சின்னவனின் சிவந்த முகம் இருந்தது, விட்டது இருந்தது. தட்டிய கை எங்கேயும் இல்லை.

“பாருக்கா, இங்கயும் விட்டுட்டேன். யாரும் அடிக்கல, ஒண்ணும் பண்ணல, நானா விட்டுட்டேன்” என்றான். “நான் அப்படித்தான் போல.”

“இல்லடா. அவன் தட்டினான்டா. தட்டினதாலதான் விட்ட.”

“எங்க? காட்டு.”

காட்ட என்ன இருக்கிறது? அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, போனைப் பிடுங்கப் பார்த்தாள். ஆத்திரத்தில் நகம் பதியப் பிடித்துவிட்டாள். அவனுடைய நடுங்குகிற இன்னொரு கை வந்து, அவள் கைமேல் மெல்ல இரண்டு முறை தட்டியது.

அவள் விட்டுவிட்டாள். அவன் வீடியோவை முதலிலிருந்து போட்டான்.