நாற்பத்தொன்றாவது பெயர்

அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்கள்: ஹெட்மாஸ்டர் சடகோபன். இன்ஸ்பெக்டர். ஊர்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். பக்கத்து ஊரிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்த இரவல் பிள்ளைகள் பதினேழு பேர். என் தங்கை அம்முலு. வாசற்படியில் நான், ஏகாம்பரம்.

எழுபத்தொன்பதாம் வருஷம். உத்திரமேரூர் ரைஸ் மில்லில் ராத்திரி ஷிப்ட் முழுக்க நெல் அவித்துவிட்டு, தூங்காமல் நேராகப் பள்ளிக்கூடம் வந்திருந்தேன்.

இரவல் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் நாற்பது பெயர் இருந்தால்தான் இரண்டாவது வாத்தியார் வேலை நிலைக்கும். அதில் பதினெட்டு, எங்கள் காலனிப் பெயர்கள். நாங்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். யாரும் தேடி வரவில்லை, பெயரை அடிக்கவும் இல்லை. நான் நாலாவதில் நின்ற பிறகும் என் பெயர் மட்டும் ஐந்தாவது பாஸ் செய்துவிட்டுப் போனது. என் பெரிய தங்கை செல்லம்மாள் காய்ச்சலில் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. பதிவேட்டில் அவள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்ஷன் அன்று இந்தப் பெயர்களுக்கெல்லாம் இரவல் பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

அம்முலுவைச் சேர்க்க இரண்டு தரம் போனேன். காலனிக்கு இடம் நிரம்பிவிட்டது என்று சடகோபன் திருப்பி அனுப்பினார். அதனால்தான் இந்த நாளைப் பார்த்து வந்தேன்.

"ஏன்டா, இன்னிக்குன்னு பார்த்து வந்து நிக்கறயே?"

"மத்த நாள்ல ரொம்பிப் போச்சுன்றீங்க. இன்னிக்கி ஆபீசரே எண்ணிடட்டும்னு வந்தேன் சார்."

"மில்லுப் புகையைக் குடிச்சு வாய் நீண்டுடுத்து உனக்கு."

சொல்லிக்கொண்டே தலைகளை எண்ணினார். இரவலில் ஒரு பிள்ளை வரவில்லை. குரலை இறக்கினார்.

"ஒண்ணு குறையறது. உன் தங்கை உள்ளே உக்காரட்டும். செல்லம்மாள்னு கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும். நாளைலேர்ந்து அந்தப் பேர்லயே வரட்டும்."

"செத்தவ பேரு சார் அது."

"பதிவேட்டுல சாகலையே."

அம்முலு படித்தால் போதும் என்று தலையாட்டினேன். எலெக்ஷன் அன்று இதே அறையில் எங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டுப் போவார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு என்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் வந்து தாமே பெயர் கூப்பிட்டார்.

"செல்லம்மாள்."

அம்முலு உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"உள்ளேன் ஐயா."

பின்சுவர்ப் பக்கமிருந்து வந்தது. சளி கட்டிய குரல். செல்லம்மாளின் கடைசி வாரம் முழுக்க நான் கேட்ட குரல்.

இன்ஸ்பெக்டர் டிக் போட்டார். சடகோபன் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் பென்சிலை நீட்டித் தலைகளை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார்.

"பேர் நாற்பது. தலை நாற்பத்தொண்ணு இருக்கே சார்?"

நானும் எண்ணினேன். எனக்கு நாற்பதுதான் வந்தது.

உள்ளே போய் அம்முலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "அதிகமா கீறது இவதான் சார். அம்முலு. இவ பேரு ஏறல."

"படிக்க வந்த குழந்தையை ஏன் சேர்க்காம விட்டீங்க? எழுதுங்க."

இவள் அதிகமில்லை என்று மறுத்தால், பதில் சொன்னது யார் என்று சடகோபன் சொல்லியாக வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார். நாற்பத்தொன்று, அம்முலு. நாலெழுத்து. என்னாலேயே படிக்க முடிந்தது.

இன்ஸ்பெக்டர் டிபனுக்குக் கிளம்பினார். அவர் பஸ் ஏறும்வரை இரவல் பிள்ளைகள் வண்டியைத் தேடி வெளியே வந்துவிடக் கூடாது. சடகோபன் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"போ," என்று அம்முலுவின் கையை விட்டேன்.

அம்முலு மற்றப் பிள்ளைகளைத் தாண்டி நேராகப் பின்சுவருக்குப் போனாள். வெறுந்தரையைப் பார்த்து, "கொஞ்சம் நவுந்துக்கோக்கா" என்றாள். ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சடகோபன் அதைப் பார்த்தார். அம்முலு இருந்த பக்கம் மறுபடி பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினார். சாவி இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் பூட்டினார்.