முழங்கைக்கு மேலே

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்ப வேண்டிய பதினான்கு படங்களில் ஒன்பதாவது ஒச்சாயியுடையது. பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் முந்தின நாள் ஆபீஸில் வேலை பார்க்கும் சித்ரகலாதான் எடுத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு எம்பிக்குள் சுருக்கி மெயிலில் சேர்ப்பதும் அவள் வேலை. ஓவர்லாக் மெஷினிலிருந்து நிமிர்ந்து, முன்பல் இடைவெளி தெரிய ஒச்சாயி சிரித்திருந்தாள். அத்தனை படங்களிலும் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. ஆனால் வலது ஆள்காட்டி விரலில் வெள்ளைப் பனியன் துணி சுற்றியிருந்தது. நான்கு நாள் முன்பு ஊசி இறங்கிய விரல். ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பு அந்த மெஷினில் இல்லாததும் படத்தில் தெரிந்தது.

மேனேஜர் சசிகுமார் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"படம் நல்லாருக்குதுங்க. கைய மட்டும் வெட்டிருங்க சித்ரா."

"ஊசி ஏறுனதுங்க சார். இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகலீங்க."

"பையரோட ஆடிட் முடியட்டுங்க. பாத்துக்கலாம்."

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பின்னால் அதையாவது காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். சித்ரகலா படத்தை வெட்டும் கட்டத்தை முழங்கைக்கு மேலே இழுத்து நிறுத்தினாள். முகத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அப்படிச் செய்ய யாரும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒச்சாயி ஆபீஸுக்கு வந்தாள்.

"ஏத்தா, என்னையப் படம் புடிச்சியே, அத எம் போனுக்கு அனுப்பேன். ஊசி பட்டுச்சுன்னு கேட்டதுலருந்து நதியா தெனம் படம் கேக்குறா."

நதியா உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள். சித்ரகலா வெட்டிய படத்தையே அனுப்பினாள். ஒச்சாயி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மகளுக்கு அனுப்பினாள். போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிந்தாள்.

"பாத்தியாடி, நல்லாத்தான இருக்கேன். கையில ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்காத."

போன் இடது கையில் இருந்தது. வலது விரலின் கட்டுக்கு வெளியே தெரிந்த சதை கறுத்திருந்தது.

"வலிக்குதுங்களாக்கா?"

"தூங்க விடல. இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா வீட்டுல பட்டதுன்னு எழுதச் சொல்றாரு மேனேஜரு." ஒச்சாயி சிரித்தாள். "நல்லவேளை, கை தெரியாம புடிச்சிருக்க. தெரிஞ்சா அவ அழுதிருப்பா. நீ நல்லா இருப்ப தாயி."

ஒச்சாயி வாசல்வரை போய்விட்டாள்.

"இருங்கக்கா."

வெட்டாத படம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சுருக்காமல் அப்படியே அனுப்பினாள்.

"கை தெரியாம எடுக்கலீங்க. நான்தான் வெட்டுனேன். இத இஎஸ்ஐயில காட்டுங்க. நான் எடுத்தேன்னே சொல்லுங்க."

ஒச்சாயி திரும்பி வந்து போனை அவள் முன்னால் நீட்டினாள். சசிகுமார் யாருடனோ பேசியபடி படியேறி வரும் சத்தம் கேட்டது. பெரிய படம். போனில் வட்டம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மங்கலாக ஒரு முகம், மங்கலாக மெஷின், அதன் நடுவே வெள்ளையாக ஏதோ ஒன்று தெளிவதற்காக இருவரும் குனிந்து காத்திருந்தார்கள்.