ஆடியில் ஒரு விசாரிப்பு

நேர்காணலுக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே கவிப்பிரியா கம்பெனிக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் அனுப்பினாள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நம்மை மறந்துவிடுவார்கள் என்று யூடியூபில் கோட் போட்ட ஒருவர் சொல்லியிருந்தார். ஐந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்கப்புறம் வாரம் ஒன்று, பணிவாக, ஆனால் விடாமல். கோட் போட்டவர் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. கம்பெனிக்காரர்கள்தான் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு மெயிலுக்கும் பதில் இல்லை.

கம்பெனி ஓசூரில். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். சரக்கு ஏற்றுகிற இடத்தில் நின்று, வருகிற லாரி போகிற லாரியை எல்லாம் சரிபார்த்து அனுப்புவதுதான் வேலை. நேர்காணல் செய்த ஹெச்.ஆர். அதிகாரி வெங்கடாசலம், "லாரி டிரைவருங்க கத்துவாங்கம்மா, என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "நானும் கத்துவேன் சார்" என்றாள். அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பொம்மிடிக்குப் பக்கத்தில் அவள் ஊரில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை ஏற்ற வரும் லாரிக்காரர்கள் எடை மேடையில் தில்லுமுல்லு செய்தால், அப்பா முனிராஜ் ஆள் தேடிப் போக மாட்டார். மகளைக் கூப்பிடுவார். அவள் போட்ட சத்தத்தில் ஒரு டிரைவர் தின்றுகொண்டிருந்த பரோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மறு எடை போட்டிருக்கிறான்.

இந்த வேலையை அவள் இப்படித் துரத்தியதற்குக் காரணம் இருந்தது. ஆடி முடிவதற்குள் வேலை கிடைத்தால் ஓசூரில் ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை பார்ப்பேன் என்று முனிராஜ் சொல்லியிருந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆடியில் எப்படியும் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். சும்மா கிடக்கிற மாதத்தை மகளுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆடியும் பிறந்தது. தினமும் காலை பத்தரைக்குக் கம்பெனிக்கு போன் போடுவாள். "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்று ஒரு பெண் சொல்லும். இப்படி நாள் பூராவும் மீட்டிங்கில் இருந்தால் உதிரிபாகத்தை யார் செய்வது என்று கவிப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணே இரக்கப்பட்டு, "உங்க ஃபைல் வெரிஃபிகேஷன்ல இருக்குங்க, வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்றது.

அது போதாதா? மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறித் தர்மபுரி போய், அங்கிருந்து ஓசூர் போய், கம்பெனி கேட்டில் நின்றாள். நேரில் போய்க் கேட்டால் முகத்துக்கு நேராக இல்லை என்றா சொல்லிவிடுவார்கள்? ஆனால் முகமே கிடைக்கவில்லை. "ஹெச்.ஆர். சார் இன்னிக்கு வெளியூரும்மா" என்றார் செக்யூரிட்டி. எந்த ஊர் என்று கேட்டால், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றார். வந்து போனதற்கு அடையாளமாக நோட்டில் பெயராவது எழுதிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாள். அப்பாயின்ட்மென்ட் இல்லாதவர்கள் நோட்டில் எழுதக் கூடாதாம். மத்தியானம் வரை வேப்பமரத்தடியில் நின்று, கழுத்தில் சிவப்புப் பட்டையும் அட்டையும் மாட்டிக்கொண்டு போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி மறித்துக்கொண்டாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கவி, நில்லு. உன்ன விசாரிக்க வந்துட்டுப் போயிருக்காங்க."

அந்தப் பக்கத்தில் தேய்த்த சட்டை போட்ட வெளியாள் ஒருவர் வந்து, இன்னார் மகள் எப்படி, குணம் எப்படி, குடும்பம் எப்படி என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இப்படி ஆளனுப்பி ரகசியமாக விசாரிப்பார்கள். வந்தவர் தான் யார் என்று சொல்ல மாட்டார். ஊரும் கேட்காது. தெரிந்தும் தெரியாதது மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். இதில் பாஞ்சாலியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் புண்ணியத்தில் அந்தத் தெருவில் ஏழு பெண்களுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. அதில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

"ஆடியில யாரு பெரிம்மா வருவாங்க?"

"இப்ப விசாரிச்சு வச்சாத்தான ஆவணியில வெத்தல பாக்கோட வர முடியும்? நம்ம நஞ்சம்மா டீக்கடையில கேட்டுட்டு நேரா எங்கிட்டதான் வந்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னா சொல்லுவன்? தங்கமான பொண்ணுங்க, வூட்ட வுட்டு வெளிய வராது, ஆம்பளைங்க நின்னா அந்தப் பக்கமே போவாது, சத்தமா ஒரு வார்த்த சொன்னா அழுதுடும்னன். இப்ப எங்க இருக்குதுன்னாரு. உள்ள சோறாக்கிக்கினு இருக்குதுன்னுட்டன்." பாஞ்சாலி குரலைத் தாழ்த்தினாள். "வெளியூர்ல தங்கி வேலைக்குப் போவுமான்னு வேற கேட்டு ஆழம் பாத்தாரு. நான் மாட்டுவனா? ஐயோ, பொம்மிடிக்குத் தனியா அனுப்புனாலே பயந்துக்குங்க, கல்யாணம் பண்ணி அனுப்பறதுதான் பாக்கின்னன்."

ஓசூர் பஸ் டிக்கெட் இன்னும் கவிப்பிரியாவின் கையில்தான் கசங்கிக் கிடந்தது.

"பெரிய உத்தியோகந்தான் போல கவி. கழுத்துல செவப்புப் பட்டை போட்டு, அட்டையச் சட்டப் பையில சொருகி வச்சிருந்தாரு."

கவிப்பிரியா அப்படியே குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஓசூர் கேட்டில் நின்றிருந்த அதே நேரத்தில், அவள் தேடிப் போன மனுஷன் அவள் தெருவில் நின்றிருக்கிறார். பாஞ்சாலியைத் திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. சொன்ன ஒவ்வொரு பொய்யும் இவள் நல்லா இருக்க வேண்டும் என்று சொன்ன பொய். அழுகை முட்டிக்கொண்டு வர, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட, வெக்கத்தப் பாரேன்" என்று பாஞ்சாலி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் மெயில் எழுத உட்கார்ந்தாள். பணிவை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு எழுதினாள். ஐயா, எங்கள் ஊரார் உங்களை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். நான் அடக்கமான பெண் இல்லை. எனக்குச் சத்தமாகப் பேச வரும். லாரிக்காரர்களோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், சாட்சி உண்டு. தோளுக்குப் பின்னால் நின்று படித்த முனிராஜுக்கு வியர்த்துவிட்டது.

"இதெல்லாம் எழுத்துல குடுக்காத பாப்பா. நாளைக்கு நாலு பேரு பாத்தா என்னாவறது?"

"பாக்கட்டும்பா" என்று அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் ஒன்றும் இல்லை. காலையில் போன் போட்டால் அதே மீட்டிங். ஆடி முடிய இரண்டே நாள் இருக்கும்போது, இவள் போடாமலே போன் வந்தது. வெங்கடாசலமே பேசினார். முனிராஜ் களத்தில் செய்த வேலையைப் போட்டுவிட்டு மகள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"சார், என் மெயில் பாத்தீங்களா சார்?"

"மெயில் எல்லாம் பாக்க ஏதும்மா நேரம்? நானே உங்க ஊருக்கு வந்து விசாரிச்சேன். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பொண்ணப் பத்தி இவ்வளவு நல்லதா நான் கேட்டதே இல்ல. அதனாலதான் சொல்றேன், இந்த வேலை உங்களுக்கு ஒத்து வராது. லாரிக்காரங்களோட மல்லுக்கட்டற வேலை."

"நான் கத்துவேன் சார். இன்டர்வியூவுலயே சொன்னேனே!"

"அது வேலைக்காகச் சொன்னதும்மா, எனக்குத் தெரியாதா? ஊரே பொய் சொல்லுமா?"

கவிப்பிரியா இரண்டு மாதமாக ஒரு மனுஷனுக்கு விடாமல் எழுதிய நிஜம் எதுவும் சேரவில்லை. பாஞ்சாலி குழாயடியில் ஐந்து நிமிஷம் அளந்தது மட்டும் முத்திரை குத்தின மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

"நான் கூப்பிட்டது வேற விஷயம்" என்றார் அவர், குரலில் கொஞ்சம் குழைவு சேர்ந்திருந்தது. "டீக்கடையில பேசினதுல, நாம எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்னு தெரிஞ்சுது. எங்க அக்கா பையன் ஒருத்தன் இருக்கான், அருள்குமார். இந்த மாதிரி அடக்கமான பொண்ணாத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். ஆவணி பொறக்க ரெண்டு நாள்தான இருக்கு, அப்பா பக்கத்துல இருந்தா குடும்மா, ஜாதகம் கேட்டுக்கறேன்."

"அவரு எங்க சார் இருக்காரு?" என்று கேட்டாள்.

"இங்க எங்க கம்பெனியிலதாம்மா. போன திங்கக்கிழமைதான் சேந்தான். சரக்கு அனுப்பற இடத்துல."

கவிப்பிரியா போனை அப்பாவிடம் நீட்டினாள். முனிராஜ் இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு, கண் விரிய, "மாப்பிள்ள வூடா பாப்பா? பையன் என்னா வேலையாம்?" என்று கிசுகிசுத்தார்.

"என் வேலைப்பா" என்றாள்.