எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மச்சானைக் கிண்டல் செய்யத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். எங்கள் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு மூட்டிய ஞாயிறன்று, முழங்கை வரை தோல் கையுறையும் கையில் வெப்பமானியுமாக, போருக்குப் புறப்பட்டவர்போல் வந்து இறங்கினார். கேலி எழுதிப் பிழைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வரைவு: "நெருப்பு என்பது மனித நாகரிகத்தின்..." என்று மச்சான் தொடங்கியபோது கரி இன்னும் பற்றவே இல்லை.

(நல்ல வரிதான். ஆனால் கதை அவருடையது இல்லை; அவர் தங்கையுடையது. அதாவது என் மனைவியுடையது.)

2

அவள் ஹோட்டல் சமையல்காரி. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய மோப்பத்தையும் ருசியில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதா, சமையலையே விட்டுவிடுவதா? இந்த விருந்தை வைத்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தாள்.

(இங்கே உருக்கமான பத்தி ஒன்று இருந்தது. அடித்துவிட்டேன். அவள் படித்திருந்தால் என்னை அடித்திருப்பாள்.)

3

மச்சான் வெப்பமானியை நீட்டினார். "இதைக் குத்திப் பாரும்மா. எல்லாம் அறிவியல்!"

"அண்ணா, கொஞ்சம் வாயை மூடுங்க. எனக்குக் கேக்கணும்."

கேட்டாள். சிப்பிகள் சூட்டில் 'டக்' என்று வாய் திறந்தன. திறந்த மறுநொடி இடுக்கியால் எடுத்தாள். இறால் சுருளும் வளைவைப் பார்த்தாள். நண்டு ஓட்டைத் தட்டினாள். கத்திரிக்காயை அழுத்தினாள், சோளக்கதிரைப் புரட்டினாள், குடைமிளகாயின் தோல் வெடித்த திசைக்குத் தலையைத் திருப்பாமலே கை நீட்டினாள். உப்பை விரல்களுக்கிடையில் எடை பார்த்துத் தூவினாள். அப்போது அவள் ஒரு

[ஒரு என்ன? வாழ்நாளெல்லாம் அடுத்தவன் உவமையைக் கேலி செய்தவன் நான். அவளைப் பார்த்து என் நெஞ்சு நிமிர்ந்து நின்ற நேரத்தில் எனக்கென்று ஒன்றுகூட அகப்படவில்லை.]

4

தட்டு வந்தது. "பிரமாதம்!" என்றார் மச்சான். ஆஸ்பத்திரிக் கஞ்சியையே பிரமாதம் என்பவர் அவர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருக்கு."

"பாவம் பாக்குறீங்களா? ஊரையே குறை சொல்ற மனுஷன் நீங்க. நீங்க நல்லா இருக்குன்னா நான் எப்படி நம்புறது? ஒரு குறை சொல்லுங்க, நம்புறேன்."

தேடினேன். நண்டுக் காலுக்குள் தேடினேன், கத்திரிக்காய்த் தோலுக்கு அடியில் தேடினேன். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அன்று பார்த்து ஒன்றும் சிக்கவில்லை.

"எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார்.

"நான் எலுமிச்சையே பிழியலையே" என்றாள்.

5

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) சொல்லக் குறையே இல்லாமல்தான் புளுகினேன் என்று புரிந்து சிரிக்கிறாள்.

(ஆ) இரக்கப்பட்டுப் புளுகினேன் என்று நினைத்து எழுந்து போகிறாள்.

(இ) மச்சான் எலுமிச்சையைப் பற்றி உரையாற்ற

(வேண்டாம்.)

நான் எதையும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது, இடுக்கி அவள் கையில்தான் இருக்கிறது. இனி நீங்கள் எழுதுங்கள். ஆனால் அந்த இடுக்கியை அவள் கீழே வைப்பதாக முடிக்க நினைப்பவர் யாராயிருந்தாலும், முதலில் ஒரு இறாலைத் தின்றுவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.