சர்க்கரை போட்ட ஊறுகாய்

சந்திரமதியின் அப்பா காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய்க் காவல்காரரானவர். அம்மா அந்த ஊர்ப் பெண். முள்ளங்கியையும் கேரட்டையும் வினிகரில் ஊறப்போட்டு அம்மா வைத்தால், "ஊறுகாய் கொண்டா" என்று அப்பா கேட்டு வாங்கித் தின்பார். அதனால் சந்திரமதிக்கு ஊறுகாய் என்றால் அதுதான்.

கல்யாணமாகி மலாய் நாட்டில் காஜா பெராங்குக்கு வந்த ஒரு வருஷத்தில், கிடங்கில் கித்தா ரப்பர் மூட்டை சரிந்து புருஷனின் இடுப்பை முறித்தது. மெர்டேக்கா வந்து, நாடு சுதந்திரமாகி, மூன்று மாதமாகியும் அவன் பாயை விட்டு எழவில்லை. கிடங்குக் குசினியில் சமைக்க ஆள் இல்லையென்று கேள்விப்பட்டு, ஆட்களை மேய்க்கும் மண்டோர் சேதுராமன் முன்னால் போய் நின்றாள்.

"சனிக்கிழமை மதியம் ஆக்கிப் போடு. சோறு, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய். தட்டு காலியானா குசினி உனக்கு. இல்லன்னா ரோட்டுக்குக் கல்லு உடைக்கப் போ. அதுக்கு எப்பவும் ஆள் வேணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்களைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கினாள். உப்பும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தாள். ஒரு குச்சியை வளைத்துப் பார்த்தாள். இரண்டு முனையும் ஒட்டின, ஒடியவில்லை. அலசிப் பிழிந்து, வெந்நீரில் சர்க்கரையும் வினிகரும் கலந்து ஊற்றினாள். எறும்புக்குப் பயந்து மூடியை அழுத்தி மூடிவிட்டாள். அங்கேதான் தப்பு. முள்ளங்கியை அடைத்து வைத்தால் நாறும். பரிமாறுமுன் கொஞ்ச நேரம் காற்றாட விட வேண்டும்.

மறுநாள் ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் மூடியைத் திறந்தாள்.

"எவன்டா அது?" என்று துள்ளினான் மருதமுத்து. "சோத்துக்கு முன்னாடி உட்காந்து விடுறதுக்கு வெக்கமா இல்ல?"

"நீதான்டா நேத்து மரவள்ளிக் கிழங்கு தின்ன!" என்றான் பக்கத்திலிருந்தவன்.

சிரிப்பு அடங்க நேரமானது. சந்திரமதிக்குக் காது சிவந்தது. இருந்தாலும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டே போனாள்.

"என்ன தங்கச்சி இது?"

"ஊறுகாய்ண்ணே."

மருதமுத்து ஒன்றைக் கடித்தான். "யம்மா! ஊறுகாய்ல சர்க்கரை போட்டிருக்கு! மண்டோரே, இது பாயசத்துக்குப் பொறந்த ஊறுகாய்!"

பாதிப் பேர் அதை ஓரமாக ஒதுக்கினார்கள். காலையிலிருந்து மூட்டை தூக்கிய உடம்பு. வெக்கையில் சோறும் இறங்கவில்லை. சேதுராமன் தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

கடைசியில் உட்கார்ந்திருந்த அப்பு, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் செட்டிகளின் கம்பத்து ஆள். அவனுக்குத் தமிழ் வராது. நடந்த கூத்து எதுவும் புரியாமல் அவன் ஒரு வாய் சோற்றுக்கு நாலு குச்சி என்று தின்று முடித்துவிட்டுத் தட்டை நீட்டினான்.

"அச்சார்! செடாப்லா!" என்றான், நாக்கைச் சப்புக்கொட்டி.

"என்னது, அச்சாரா?" மருதமுத்து மறுபடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். மென்றான். கருவாட்டுக் குழம்போடு இன்னொன்று. "அட, மலாய்க்காரங்க இனிப்பும் புளிப்புமா போடுற அச்சாருதான்! இத முதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி? ஊறுகாய்னு சொல்லி ஆளக் கெடுத்துட்டியே!"

புளிப்பு நாக்கில் பட்டதும் சோறு இறங்கியது. ஒதுக்கினவர்கள் ஓரத்திலிருந்து பொறுக்கித் தின்றார்கள். சட்டி வழிக்கப்பட்டது.

சேதுராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு வந்துடு. ஆனா அதுக்குப் பேரு ஊறுகாய் இல்ல."

"எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு, மண்டோரே."

"உங்கப்பாவா இங்க வந்து மூட்டை தூக்கப் போறாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அச்சாரு. முள்ளங்கி பத்து காட்டி எடைக்குக் கடையில இப்பவே சொல்லி வைங்க. அப்புறம் அகலமான சட்டி ஒண்ணு. மூடி வேண்டாம்."