விடாத பச்சைக் கார்

ஆர்வில் ஹாகன் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தான். வண்டி முக்கியது, முனகியது, பிறகு மனமே இல்லாமல் வேகம் பிடித்தது. அலமாரிக்குள் தட்டுகள் கலகலத்தன. ஃப்ரிட்ஜ் கதவு திறந்துகொண்டது. முழு முட்டைக்கோஸ் ஒன்று உருண்டு வந்து மனைவி வெர்னாவின் காலடியில் நின்றது.

"போயிட்டானா?" என்றான் ஆர்வில்.

"யாரு?" வெர்னா பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பச்சைக் கார்! ஷோ லோவுல கிளம்பினதுலேர்ந்து வால் பிடிச்சிக்கிட்டே வர்றான். நேர் ரோட்டுல ஆள் காணாமப் போயிடுறான். வளைவு வந்தா பொசுக்குனு கண்ணாடியில எட்டிப் பார்க்கிறான்."

"பின்னாடி வர்றவங்க வந்துட்டுப் போறாங்க. நீ முன்னாடி பாரு."

ஆர்வில் முன்னால் பார்த்தான். பார்த்தது பிடிக்கவில்லை. சாலை சால்ட் ரிவர் பள்ளத்தாக்குக்குள் குப்புற விழ ஆரம்பித்திருந்தது. ஒரு பக்கம் செம்பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அடிமட்டத்தில் நூல் போல ஆறு. அதைத் தாண்டி அதே உயரம் மறுபடி ஏற வேண்டும். ஏறி முடித்தால் குளோப் என்ற ஊர். அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: சரி, அல்லது மாட்டேன்.

விஷயம் இதுதான். அவர்களுடைய வீட்டு வண்டி இருபத்துநாலு அடி. முன்னால் ஸ்டீயரிங், நடுவில் அடுப்பு, பின்னால் கட்டில், இவற்றுக்கிடையே எப்படியோ ஒரு கக்கூஸ். மினசோட்டாவில் முதல் பனி விழுந்ததும் அதில் ஏறி அரிசோனாவுக்கு வந்துவிடுவார்கள். மேசா நகரில் வீட்டு வண்டிகளுக்கான கேம்ப். மார்ச் வரைக்கும் வெயில்.

கேம்பில் வண்டியை நிறுத்திக் கரண்டு, தண்ணீர், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டிவிட்டால் அது வீடு. அப்புறம் பால் வாங்க வேண்டுமென்றால் வீட்டையே கழற்றி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போன வருஷம் வெர்னா முடி வெட்டிக்கொள்ளப் போனபோது வீடும் கூடவே போனது. அழகு நிலையத்தின் வாசலில் ஆறு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை பிடித்து நாலு பேர் உள்ளே வந்து, "இன்னிக்கு ஸ்பெஷல் என்ன?" என்று கேட்டார்கள்.

வெர்னா சிரித்துக்கொண்டாள். ஆனால் மேசா தேவாலயப் பாடகர் குழுவில் வாரம் மூன்று ஒத்திகை. மொத்தம் பதினோரு ஒத்திகைகளைத் தவறவிட்டபோது சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவளை இரண்டாம் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

"மத்தவங்க மாதிரி பின்னாடி ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துட்டுப் போவோம்," என்று அவள் அன்றிலிருந்து சொல்லி வந்தாள்.

ஆர்வில் அன்றிலிருந்து நான்கு காரணங்கள் சொல்லி வந்தான். இன்ஜின் தாங்காது. பெட்ரோல் குடிக்கும். பிரேக் பிடிக்காது. ரிவர்ஸ் எடுக்கவே முடியாது.

நேற்று சாயங்காலம் ஷோ லோ கேம்பில் மெர்வின் என்ற ஒரு பெரியவர் கதவைத் தட்டினார். ஊர் சுற்றியது போதும், வீட்டு வண்டியை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறேன், கட்டி இழுக்கும் கம்பியோடு ஒரு குட்டிக் கார் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஆர்வில் போர்வையை விட்டு நகரவில்லை. பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் ஆபத்து.

அவர் போனதும் வெர்னா நாற்காலியைத் திருப்பிப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இதுதான் கடைசி, ஆர்வில். நாளைக்குப் பள்ளத்தாக்கைத் தாண்டி குளோப் போற வரைக்கும் யோசி. அங்க போய் நீ மாட்டேன்னு சொன்னா, என்னை ஃபீனிக்ஸ் ஏர்போர்ட்ல இறக்கி விட்டுடு. வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு. நான் டுலூத்துல மக வீட்டுல பனியில இருந்துக்கிறேன்."

"குளிர்காலம் பூராவுமா?"

"குளிர்காலம் பூராவும்."

ஆர்வில் ராத்திரியெல்லாம் புரண்டான். அவளில்லாத நான்கு மாதம் கண்ணில் தெரிந்தது. டின் பீன்ஸ், டின் பீன்ஸ், மறுபடி டின் பீன்ஸ். விடிந்ததும் கால்சராய்க்குள் நுழைந்து, செருப்போடு அப்படியே ஸ்டீயரிங்கில் போய் உட்கார்ந்தான். கிளம்புமுன் வெளியே பார்க்க வேண்டியதெல்லாம் வெர்னாவின் பொறுப்பு. முதல் வருஷம் கழிவுக் குழாயைக் கழற்றாமல் அவன் அரை மைல் ஓட்டிய நாளில் எழுதப்பட்ட சட்டம் அது. அவள் வெளியே வெகுநேரம் ஏதோ செய்தாள். மெர்வின் குரலும் கேட்டது. அப்புறம் ஏறி, "போலாம்," என்றாள்.

இப்போது பள்ளத்தாக்கில் முதல் கொண்டை ஊசி வளைவு. வண்டி இடப்பக்கம் திரும்பியது.

"அதோ!" ஆர்வில் அலறினான். "வந்துட்டான்! பார்த்தியா, ஒட்டிக்கிட்டு வர்றான்! முந்தவும் மாட்டேங்கிறான், விலகவும் மாட்டேங்கிறான்!"

"கையைக் காட்டு, போகட்டும்."

அவன் ஜன்னல் வழியே கையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான். பச்சைக் கார் முந்தவில்லை. பிரேக்கைத் தொட்டான். அதுவும் வேகம் குறைத்தது. பிரேக்கை விட்டான். அதுவும் விட்டது.

"விளையாடுறான் வெர்னா, என்கூட விளையாடுறான்! கொள்ளைக்காரனா இருக்கும். வீட்டு வண்டியைத் தொரத்தி வந்து ஆள் இல்லாத இடத்துல மடக்குவாங்களாம்."

"நம்மகிட்ட என்ன இருக்கு? முட்டைக்கோஸா?"

போனில் டவர் எடுக்கவில்லை. பள்ளத்தாக்கில் எவனுக்கும் எடுக்காது. லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ ஒன்றை ஆர்வில் பழக்க தோஷத்தில் வைத்திருந்தான். ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"யாராவது இருக்கீங்களா? என்னை ஒருத்தன் தொரத்துறான்!"

கரகரவென்று பதில் வந்தது. "சொல்லுங்க பெரியவரே. ஊறுகாய் பேசுறேன்."

"யாரு?"

"என் ரேடியோப் பேரு அதான். தக்காளி லோடு, குளோப் போறேன். பின்னாடி ஏணி வச்ச வெள்ளை வீட்டு வண்டி உங்களுதுதானே? நான் உங்களுக்குப் பின்னாலதான் இருக்கேன்."

ஆர்விலுக்கு உயிர் வந்தது. "தம்பி! எனக்கும் உனக்கும் நடுவுல ஒரு பச்சைக் கார் தெரியுதா?"

ரேடியோ கரகரத்தது.

"தெரியுதே," என்றது குரல், மிகவும் மெதுவாக.

"எவ்வளவு கிட்ட இருக்கான்?"

"அஞ்சடி இருக்கும்."

"அஞ்சடியா! இந்த இறக்கத்துலயா! பைத்தியக்காரன்!"

"பைத்தியக்காரன்னு சொல்ல முடியாது பெரியவரே. ரொம்ப ஒழுக்கமான ஆளு. நீங்க பிரேக் போட்டா அதுவும் விளக்குப் போடுது. நீங்க சிக்னல் போட்டா அதுவும் போடுது. இருபது வருஷமா லாரி ஓட்டுறேன், இப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததில்ல."

வெர்னா பின்னலை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"அழாதே வெர்னா," என்றான் ஆர்வில். "நான் இருக்கேன்ல." ரேடியோவில் குரலைத் தாழ்த்தினான். "தம்பி, ஓட்டுறவன் எப்படி இருக்கான்? தாடி கீடி?"

"அங்கதான் பெரியவரே எனக்கும் இடிக்குது."

"என்ன?"

"சீட்டுல ஆளே இல்ல."

அதே நொடி அடுத்த வளைவு வந்தது. பச்சைக் கார் கண்ணாடிக்குள் முழுசாக வழுக்கி வந்தது. வெயில் ஜன்னலில் நேராக விழ, ஆர்வில் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான். ஓட்டுநர் இருக்கை காலி. காலி இருக்கைக்கு முன்னால் ஸ்டீயரிங் தானாகவே, நிதானமாக, வளைவுக்குத் தகுந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது.

ஆர்வில் ஹாகன் லூத்தரன் சபைக் கிறிஸ்தவன். பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. அந்த நம்பிக்கையின்மை ஆற்றுப் பாலம் வரைதான் தாக்குப் பிடித்தது. பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது அவன் சிறுவயதில் கற்ற ஜெபம் ஒன்றை முணுமுணுத்தான். பாதியில் மறந்துபோய், மீதியை 'லா லா' என்று சமாளித்தான்.

"தம்பி, வேகமாப் போனா தப்பிச்சிடலாமா?"

"போய்ப் பாருங்க. ஆனா நீங்க குளோப் போய்ச் சேர்ற அதே நிமிஷம் அதுவும் சேரும். இதுக்கு என் லாரியையே பந்தயம் கட்டுவேன்."

ஆர்வில் மிதித்தான். வண்டி ஏறியது. வளைவு வளைவாக ஏறியது. வெப்ப முள் நடுவிலேயே நின்றது. பயத்துக்கு நடுவேயும் அவனுக்குள் இருந்த வழக்கறிஞன் சாகவில்லை.

"பார்த்துக்க வெர்னா. எப்படி ஏறுது பார்த்துக்க. பஞ்சு மாதிரி! உன் பேச்சைக் கேட்டுப் பின்னாடி ஒரு காரைக் கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"என்ன ஆகியிருக்கும்?"

"பாதி மலையிலயே இன்ஜின் உட்கார்ந்திருக்கும். நாம பேய்கிட்ட மாட்டியிருப்போம்!"

"அப்போ கார் கட்டாம வந்ததாலதான் தப்பிச்சோம்கிற."

"அதேதான்! இறக்கத்துல பிரேக் எப்படிப் பிடிச்சுது? பின்னாடி கார் இருந்தா இப்படிப் பிடிக்குமா?"

"எழுதித் தருவியா?"

"கையெழுத்தே போட்டுத் தர்றேன்!"

ரேடியோவில் யாரோ விக்கி விக்கி இருமும் சத்தம் கேட்டது.

குளோப் வந்தது. முதல் பெட்ரோல் பங்க்கில் ஆர்வில் நேராக உள்ளே விட்டு நிறுத்தினான். அவன் முடிவுக்கு வந்திருந்தான். ஓடியது போதும். பகல் வெளிச்சம், சுற்றிலும் ஜனம், கூப்பிடு தூரத்தில் ஊறுகாய். ஆணியில் தொங்கிய இரும்பு வாணலியை எடுத்தான். காலையிலிருந்து மாட்டியிருந்த அதே செருப்போடு கீழே இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் முதுகை ஒட்டி நகர்ந்து, மூலைக்கு வந்ததும் வாணலியை ஓங்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தான்.

பச்சைக் கார் நின்றிருந்தது. அதன் மூக்கிலிருந்து இரண்டு இரும்புக் கைகள் நீண்டு, வீட்டு வண்டியின் பின்பக்கக் கொக்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. குறுக்கே ஒரு சங்கிலி. விளக்குகளுக்கு ஒரு கம்பி. கார் கண்ணாடியில் ஒரு சீட்டு: 'மெர்வின்: இன்று மட்டும், இழுத்துப் பார்ப்பதற்கு.'

வாணலி மெதுவாகக் கீழே இறங்கியது.

தக்காளி லாரி பக்கத்தில் வந்து நின்றிருந்தது. ஊறுகாய் படியில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சிப்ஸைப் பிரித்தான். சினிமாவுக்கு வந்தவன் போல வசதியாக.

வெர்னா இறங்கி வந்தாள்.

"இது என்ன?" என்றான் ஆர்வில்.

"கார்."

"அது தெரியுது! இது எப்ப..."

"காலையில. மெர்வின்தான் மாட்டிக் கொடுத்தார். வேண்டாம்னா சாயங்காலம் பின்னாடியே வந்து எடுத்துக்குவார்." அவள் விரலை மடக்கினாள். "இன்ஜின் தாங்காதுன்னே. பஞ்சு மாதிரி ஏறுச்சுன்னு நீயே சொன்னே. பிரேக் பிடிக்காதுன்னே. கையெழுத்துப் போடுறேன்னே."

"பெட்ரோல்..."

"முள்ளைப் பாரு போய். கால் டேங்க்கூட ஆகல."

"ரிவர்ஸ்!" ஆர்வில் கடைசித் துரும்பைப் பற்றினான். "இதை வச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுக்க முடியாது!"

"காலையிலேர்ந்து எத்தனை தடவை ரிவர்ஸ் எடுத்தே?"

"நியாயமான கேள்வி," என்றான் ஊறுகாய், சிப்ஸை மென்றபடி.

"நீ சும்மா இருப்பா!"

"நாலு காரணமும் போச்சு," என்றாள் வெர்னா. சிரிப்பு இப்போது அவள் முகத்தில் இல்லை. "இப்ப சொல்லு. சரியா, மாட்டேனா? வெள்ளிக்கிழமை நான் பிளேன் ஏறணுமா, வேணாமா?"

ஆர்வில் வாணலியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பச்சைக் காரைப் பார்த்தான். அழகான கார்தான். அதுதான் கோபமாக வந்தது.

"அஞ்சாவது ஒண்ணு இருக்கு," என்றான்.

"என்ன?"

"போன வருஷம் நமக்குப் பக்கத்து இடத்துல இருந்தானே ஹெர்மன், அவங்க கார் வாங்கினாங்க. அவன் பொண்டாட்டி பால் வாங்கிட்டு வர்றேன்னு போனா, அஞ்சு மணி நேரம் கழிச்சு வந்தா. அப்புறம் தினமும் போனா. ஹெர்மன் மைக்ரோவேவ்கூடப் பேச ஆரம்பிச்சிட்டான் வெர்னா. நான் என் காதால கேட்டேன். 'இன்னிக்கு எப்படி இருக்கே'ன்னு கேக்குறான்." அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கார் வந்தா நீ வாரத்துல மூணு நாள் பாட்டுக்குப் போவே, அப்புறம் முடி வெட்ட, அப்புறம் கடைக்கு. நான் இருபத்துநாலு அடிக்குள்ள தனியா உட்கார்ந்திருப்பேன். கார் இல்லேன்னா நீயும் எங்கயும் போக மாட்டே. அவ்வளவுதான்."

ஊறுகாய் சிப்ஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அதுக்காகவா பதினோரு ஒத்திகை?" என்றாள் வெர்னா.

"ம்."

"கழிவுக் குழாய் உறைஞ்சு போச்சு, கழற்ற முடியலன்னு சொன்னதெல்லாம்?"

"மேசாவுல எங்க உறையும்?" என்றான் ஆர்வில் பரிதாபமாக.

வெர்னா அவனை நெருங்கி வந்தாள். பிறகு கோட்டுப் பையில் கைவிட்டு, பச்சைக் காரின் சாவியை எடுத்து, அவன் பிடித்திருந்த வாணலிக்குள் போட்டாள். ணங் என்றது.

"திங்கள், புதன், சனி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகை. அஞ்சரைக்கே கிளம்பணும். மூணாவது பெஞ்சுல உட்கார்ந்துக்கோ, அங்கதான் ஹீட்டர் இருக்கு."

"நான் எதுக்கு?" ஆர்வில் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உன் கார். நீதானே ஓட்டிட்டுப் போகணும்?"

வெர்னாவின் முகம் சிவந்தது. லாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"மார்ச் மாசமே கண் பரிசோதனையில ஃபெயிலாயிட்டேன், ஆர்வில். எனக்கு லைசென்ஸே கிடையாது."